நெறி காட்டும் இரும்புத் துகள்

‘தென்னை மரத்தில் தேள் கொட்ட, பனை மரத்தில் நெறி கட்டியதாம்’ என்று கேலியாகச் சொல்வோம். நம் உடலிலோ இது அன்றாடம் நடக்கும் உண்மை. காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. விரலில் நகச்சுற்று வந்தால் அக்குளில் கட்டுகிறது. விரலையும் அக்குளையும் இணைக்கும் ஒரு மறைவான பாதை இருப்பதை, கையால் தொட்டுப் பார்த்தே நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பாதைதான் நிணநீர்க் குழாய். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தங்கும் நீரை வாரி எடுத்து, மீண்டும் இரத்தத்திலேயே சேர்ப்பது அதன் கடமை. அதன் தொடக்க நுனியின் அமைப்பை அறிந்தால் கைகூப்பத் தோன்றும். கூரையில் வேய்ந்த ஓடுகளைப் போல, சுவரின் செல்கள் ஒன்றன் விளிம்பில் ஒன்று படிந்திருக்கின்றன. மெல்லிய இழைகள் அவற்றைச் சுற்றியுள்ள திசுவோடு கட்டி வைத்திருக்கின்றன. திசுவில் நீர் பெருகினால் இழை இழுபடும்; ஓடு விலகும்; நீர் உள்ளே போகும். உள்ளே நிறைந்ததும் ஓடு தானே மூடிக்கொள்ளும். மதகும் அதுவே, மதகுக் காவலாளும் அதுவே. இப்படி ஒன்றைச் செய்ய எந்தத் தச்சனிடம் கற்றுக்கொள்வது!

வழியெங்கும் அவரை விதை போன்ற நிணநீர் முடிச்சுகள். நெறி கட்டும்போது நம் விரலில் தட்டுப்படுபவை இவைதான். அவற்றின் வாசலிலேயே பெருவிழுங்கிச் செல்கள் காத்திருந்து, நீரோடு வரும் அந்நியத் துகளைப் பிடித்து விழுங்குகின்றன.

மார்பகத்தில் புற்று தோன்றும்போது, அதிலிருந்து பிரியும் செல்களும் இதே வழியில்தான், பெரும்பாலும் அக்குளை நோக்கிப் போகின்றன. வழியில் முதலில் எதிர்ப்படுவது காவல் முடிச்சு. அது சுத்தமாக இருந்தால், அதற்கு அப்பால் உள்ளவையும் சுத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது தெளிவாகும் முன், அக்குளிலுள்ள முடிச்சுகளைக் கூட்டமாக அகற்றினார்கள். வடிகால் அறுபட்டதால் எத்தனையோ பெண்களுக்குக் கை வீங்கி, ஆயுளுக்கும் பாரமானது.

அந்த ஒற்றை முடிச்சைக் கண்டுபிடிக்க, 1993-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் கிராக் கதிரியக்கத் துகளைப் பயன்படுத்தினார். 1994-இல் அர்மாண்டோ கியுலியானோ நீலச் சாயத்தைக் கொண்டு தேடினார். இரண்டும் இன்றுவரை கைகொடுக்கின்றன. ஆனால் அந்தத் துகளிலுள்ள கதிரியக்க டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைக் கையாள அணு மருத்துவப் பிரிவும் வேண்டும். சாயமோ முடிச்சில் நெடுநேரம் நிற்பதில்லை. இரும்பு துணைக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

சர்க்கரைப் பொருளால் போர்த்திய இரும்பு ஆக்சைடு துகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். மிகச் சிறிதானால் அவை இரத்தத்துக்குள் நழுவிவிடும். மிகப் பெரிதானால் ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும். ஓடு விலகும் அந்த வாசலே அளவைச் சொல்லிவிட்டது; மனிதன் அதற்குக் கட்டுப்பட்டான்.

இரும்பின் குணத்தைப் பாருங்கள். இத்தனை சிறிதாகும்போது, காந்தம் அருகில் வந்தால் மட்டுமே அது காந்தமாகிறது. விலகியதும் அதை மறந்துவிடுகிறது. மறக்காமல் போனால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகி வழியை அடைத்துவிடும். அந்த மறதியே அவற்றை ஓடவிடுகிறது.

ஊசி மூலம் மார்பகத்தில் செலுத்திய துகள்கள் நிணநீரோடு பயணித்துக் காவல் முடிச்சை அடைகின்றன. அங்கே பெருவிழுங்கிகள் வழக்கம்போல் அவற்றை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. தேடி வருபவர்களுக்காக விளக்கேற்றி வைத்தது போல, நாள்கணக்கில் இரும்பு அங்கே காத்திருக்கும். அறுவை அறையில் மருத்துவர் பேனாவை விடத் தடித்த ஒரு கோலை அக்குளின் மேல் மெல்ல நகர்த்துகிறார். இரும்பு நெருங்க நெருங்க ஒலி கூடுகிறது. உலோகக் கருவிகள் கோலை ஏமாற்றிவிடும் என்பதால் அவற்றை விலக்கிவிட்டுப் பிளாஸ்டிக் கருவிகளை எடுக்கிறார்கள். சதை விலகுகிறது. கொழுப்பின் மஞ்சளுக்கு நடுவே, கரும்பழுப்பு நிறத்தில் அவரை விதை போல் ஒன்று தெரிகிறது. நோய் அறிய அதை மட்டும், அல்லது அதனுடன் ஓரிரண்டை எடுத்தால் போதும்.

நெறி என்ற சொல்லுக்கு வழி என்றும் ஒரு பொருள் உண்டு. வழி போட்டதும் வாசலில் காவல் வைத்ததும் நாம் அல்ல. அந்தக் காவலரின் கையில் ஒரு துளி இரும்பைக் கொடுத்து, ‘நீ எங்கே நிற்கிறாய்?’ என்று கேட்டது மட்டுமே நம் பங்கு.

வேலை முடிந்தபின் உடலில் எஞ்சும் இரும்பு வீணாவதில்லை. உடல் அதை மெல்லக் கரைத்துத் தன் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்கிறது. நோயைத் தேடிப் போன துகள், பிழைத்த பெண்ணின் சிவப்பணுவில் ஏறி, அவள் மூச்சைச் சுமக்கத் தொடங்குகிறது.