மூன்று சென்ட், எட்டு மாதம், ஒன்றரை வட்டி

மதுரையிலிருந்து எந்தச் சாலையில் கிளம்பினாலும் 'புதிய வீடு விற்பனைக்கு' என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. ஒத்தக்கடை, உத்தங்குடி, நத்தம் சாலையில் ஊமச்சிகுளம், மேற்கே விளாங்குடி, தெற்கே அவனியாபுரம், திருநகரைத் தாண்டித் திருமங்கலம் வரை இதே காட்சிதான். அந்தப் பலகைகளில் சில என்னுடையவை. மூன்று நான்கு சென்ட் மனையாக வாங்கி, தனி வீடு கட்டி முடித்து விற்பது என் தொழில். அப்பா கொத்தனார். நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, முதலில் காண்ட்ராக்ட் எடுத்துப் பிறருக்குக் கட்டிக் கொடுத்தேன். பிறகு சொந்தமாகக் கட்டி விற்க ஆரம்பித்தேன்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் இரண்டு எண்ணங்களைப் பார்க்கிறேன். கட்டி விற்கிறவனுக்குப் பாதிக்குப் பாதி லாபம் என்பது ஒன்று. விற்பதற்காகக் கட்டிய வீடு என்றாலே தரம் இருக்காது என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. ஆனால் இரண்டாவது எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் கணக்கை விரித்து வைத்துவிடுகிறேன்.

சென்ட் ஆறு லட்சம் வீதம் மூன்று சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம்: 18 லட்சம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் மனை ஏறத்தாழ 1,307 சதுர அடி வரும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 1 லட்சத்து 62 ஆயிரம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,200 ரூபாய் வீதம் 22 லட்சம். போர், மின் இணைப்பு, வரைபட அனுமதி, சுற்றுச்சுவர் எல்லாம் சேர்த்து 2 லட்சம். இதில் 25 லட்சம் வெளியில் வாங்கிய கடன் என்றால், நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் மாதம் 37,500 ரூபாய். எட்டு மாதத்துக்கு 3 லட்சம். வீடு 52 லட்சத்துக்கு விலை போனால் புரோக்கருக்கு ஒரு சதவீதம் கமிஷன், 52 ஆயிரம். எல்லாம் போகக் கையில் நிற்பது 4 லட்சத்து 86 ஆயிரம். வருமான வரி அதற்குப் பிறகு.

விலையை ஏற்றி விற்கலாமே என்று கேட்பார்கள். விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவரின் வங்கி. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 52 லட்சம் வீட்டுக்கு மீதி 10 லட்சத்து 40 ஆயிரத்தை அவர் கையிலிருந்து போட வேண்டும். பத்திரச் செலவு தனி. பதினைந்து லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஆசிரியரோ, கடைக்காரரோ, வெளிநாட்டிலிருந்து திரும்பியவரோதான் என் வீட்டுப் படியேறுவார். அவரால் முடிந்ததற்கு மேலே விலை வைத்தால் வீடு நின்றுவிடும். நான்கு மாதம் கூடுதலாக நின்றால் ஒன்றரை லட்சம் போச்சு. ஒரு வருடம் நின்றால் நான்கரை லட்சம், லாபம் ஏறக்குறைய மொத்தமும் வட்டிக்கே சரி. சனிக்கிழமை சம்பளமோ வீடு விற்கும் வரை காத்திருக்காது.

ஆகவே இந்தத் தொழிலில் லாபம் என்பது நாள்தான். ஒவ்வொரு நாளைக் குறைத்தாலும் 1,250 ரூபாய் மிச்சம். விற்பதற்குக் கட்டும் வீட்டில் எதில் கைவைப்பார்கள் என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது: நாள் பிடிக்கிற வேலைகளில்.

வேகம் எங்கே சரி, எங்கே தப்பு

வேகமாகக் கட்டுவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்றது. கட்டுமானத்தை இருபத்தைந்துக்கும் அதிகமான சிறு வேலைகளாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு வேலை என்று கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். போரிலிருந்து திரும்பிய சாதாரண சிப்பாய் சொந்த வீட்டுக்குக் குடிபோக அது வழி செய்தது. கறுப்பின மக்களுக்கு அந்த வீடுகளை விற்க மறுத்தது அதன் மாறாத களங்கம். ஆனால் கட்டிய முறையில் ஒரு பாடம் இருக்கிறது. அவை பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். ஆணி அடித்த அன்றே சட்டம் பாரம் தாங்கும். நம் வீடு செங்கல், கம்பி, சிமெண்ட். சிமெண்டுக்குத் தண்ணீரும் வேண்டும், நாளும் வேண்டும். வட்டிக்காரரின் அவசரம் அதற்குத் தெரியாது.

தளம் போட்ட மறுநாள் காலையில் எந்தக் கட்டடத்துக்கும் போய்ப் பாருங்கள். நல்ல மேஸ்திரியாக இருந்தால், மேலே கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருப்பார். சித்திரை வெயிலில் காலையில் நிறுத்திய தண்ணீர் சாயங்காலம் பார்த்தால் பாதி இருக்காது. மறுபடியும் ஏறி நிரப்ப வேண்டும். வெப்பமான, வறண்ட இடத்தில் கான்கிரீட்டைக் குறைந்தது பத்து நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டாக இருந்தால் பதினான்கு நாள் நல்லது. தளத்திலாவது தண்ணீர் தங்கும். நிமிர்ந்து நிற்கும் பில்லரில் தங்காது. அதற்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, நாளுக்கு மூன்று நான்கு தடவை நனைக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டின் மொத்தப் பாரமும் பில்லரில்தான் இறங்குகிறது. தண்ணீர் குறைவாகக் கிடைப்பதும் அதற்குத்தான். பூச்சு வேலை முடிந்து பெயிண்ட் அடித்த பிறகு எந்த இன்ஜினியர் வந்தாலும் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது மண். அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கிடைத்தால் கவலை குறைவு. திருமங்கலம் பக்கம் போனால் கரிசல். மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, வருடத்துக்கு ஒருமுறை அஸ்திவாரத்தைத் தூக்கி இறக்கும் மண் அது. அங்கே வானம் தோண்டும்போது ஆழமாகப் போக வேண்டும். இல்லையென்றால் அடியில் குமிழ்போல் விரியும் அண்டர் ரீம்டு பைல் போட்டு, மேலே பிளிந்த் பீம் கட்ட வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது. தோண்டிய கரிசலையே திரும்ப வீட்டுக்குள் கொட்டி நிரப்பினால் லாரி வாடகை மிச்சம்தான். இரண்டு கோடை போனால் டைல்ஸ் தூக்கும், சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும்.

உசிலம்பட்டியிலிருந்து மகனுக்கு வீடு பார்க்க வந்த ஒரு அம்மா கேட்ட கேள்வியை நான் மறப்பதில்லை. மகனும் மருமகளும் மாடுலர் கிச்சனைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பக்கம் பெய்யிற தண்ணியெல்லாம் எங்கிட்டுப் போயிச் சேரும்?" என்றார். "கெழக்க ஓடை இருக்குதும்மா, அதுல எறங்கிரும்" என்றேன். "நடந்து போயிப் பாத்துட்டு வருவோமா?" என்று செருப்பை மாட்டினார். போய்ப் பார்த்தோம். ஓடை அகலமாக இருந்தது, அடைப்பு இல்லை. அதன் பிறகுதான் அவர் வீட்டுக்குள் வந்தார். 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

கேட்க வேண்டியவை

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அதோடு சர்வே எண்ணின் நில அளவை வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால், ஓடை, கண்மாய்ப் புறம்போக்கு இருந்தால் அதில் தெரியும். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிய வீட்டை அளந்து பாருங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனே அனுமதி தரும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. எங்களுக்கு நாள் மிச்சம், மகிழ்ச்சிதான். ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பு முழுவதும் கட்டுகிறவன் தலையில் என்று பொருள்.

அஸ்திவாரம், கம்பி கட்டு, தளத்தில் நின்ற தண்ணீர் இவற்றின் போட்டோக்களைத் தேதியோடு கேளுங்கள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்து வைத்து, சாவியோடு கொடுக்கிறேன். முடிந்தால் கட்டி முடிந்த வீட்டை விட, தளம் போடும் நிலையில் உள்ள வீட்டைத் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாமல் கட்டினால் அந்தச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேலே. மதுரையைச் சுற்றி என்னைப் போன்றவர்கள் கட்டும் தனி வீடுகள் பெரும்பாலும் மூன்று நான்கு சென்ட்தான். அடுக்குமாடியில் ஒரு கோடி போட்டவருக்குக் கேட்க ஒரு ஆணையம் இருக்கிறது. ஆயுள் சேமிப்பைப் போட்டு மூன்று சென்ட் வீடு வாங்குகிறவர் என்னைப் போன்ற தனி ஆளை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்.

அந்த ஐந்து ஆண்டுப் பொறுப்பை நான் கிரைய ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன். அதற்காக ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்தாலும் லாபம் நிற்கத்தான் செய்கிறது. எழுதிக் கொடுப்பவன் பில்லருக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க மாட்டான். ஊற்றாவிட்டால் நாளைக்கு அவன் பணம்தான் போகும். வாங்குகிறவர்கள் இதை எழுதிக் கேட்க வேண்டும், எழுதித் தராதவரிடம் வாங்கக் கூடாது. அரசும் இந்த ஒரு பொறுப்பை மட்டுமாவது, விற்பனைக்குக் கட்டும் எல்லா வீடுகளுக்கும், அது ஒன்றரை சென்ட்டாக இருந்தாலும், கட்டாயமாக்க வேண்டும்.