நெடிய ஆங்கிலச் சொற்களில் அசையும் அழுத்தமும்

வெளி மாநிலங்களில் அலுவல் பார்க்கும் நம்மவர் பலருக்கு இவ்வனுபவம் நேர்ந்திருக்கும். நேர்முகத் தேர்விலோ தொலைபேசியிலோ நீண்டதோர் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிசகாமல் உரைக்கிறோம். கேட்பவர், "என்ன சொன்னீர்கள்?" என்கிறார். அதே சொல்லை இன்னும் உரக்கக் கூறுகிறோம். அப்போதும் அவருக்கு விளங்குவதில்லை. கைக்கு எட்டவிருந்த வேலை அந்த ஒரு கணத்தில் நழுவுவதும் உண்டு. பிழை எழுத்தில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது.

தமிழில் அசைகள் யாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வலிமை தந்து பேசுகிறோம். கொல்கத்தாவில் வாழ்வோர், வங்காளியர் முதலசையை ஓங்கி ஒலிப்பதைக் கேட்டிருப்பர். ஆங்கிலமோ சொல்லுக்குச் சொல் வேறோர் அசையை ஓங்கி ஒலித்து, ஏனையவற்றை மெலிய விடும். (இங்கே அசை என்பது யாப்பில் வரும் அசையன்று. 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. ஒலியளவில் ம, லர் என இரண்டு. உயிரொலி ஒன்றுக்கு ஓரசை என்பதே நம் கணக்கு.) மெலிந்த உயிர் தன் உருவையே இழக்கும். குற்றியலுகரம் அறிந்த நமக்கு இது முற்றிலும் புதிதன்று.

'போட்டோகிராப்' என்பதில் முதலசை ஓங்கும். 'போட்டோகிராபி' என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவும்; ப-டாக்-ர-பி என்றே அது செவியில் விழும். முன்னிருந்த 'போ' போன இடம் தெரியாது! 'போட்டோகிராபிக்' எனில் மூன்றாம் அசை ஓங்கும்.

ஆகவே, நெடுஞ்சொல்லின் வாலைப் பார்த்தல் நலம். 'ஷன்', 'இக்' என முடிவனவற்றில் பெரும்பாலும் ஈற்றயலசை அழுத்தம் பெறும். 'இட்டி' என முடியின் இறுதியிலிருந்து மூன்றாவது. 'எலெக்ட்ரிக்'கில் 'லெக்' ஓங்க, 'எலெக்ட்ரிசிட்டி'யில் 'ட்ரி' ஓங்குவது இதனாலேயே. 'பாலிடிக்ஸ்' என்பதோ முதலசையில் ஓங்கும். அரசியல் எவ்விதிக்குத்தான் அடங்கும்?

பயில்வதற்கு, சொல்லை வாலிலிருந்து கட்டுக: ஷன், நேஷன், மிநேஷன், சாமிநேஷன், எக்சாமிநேஷன். நடுவே வரும் சாமிக்குச் சிறு மரியாதை உண்டு. பெரிய மரியாதை 'நே'க்கே. அவ்விடத்தில் மேசையை ஒருமுறை தட்டுக.

ஐயம் எழுந்தால் உச்சரிப்பு அகராதியை நாடுக. 1917-இல் முதன்முதல் வெளிவந்த டேனியல் ஜோன்ஸின் அகராதியில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்பாக மேற்புறத்தில் ஒரு சிறு கோடு காணப்படும். சில பழைய அமெரிக்க அகராதிகளில் அக்கோடு அசைக்குப் பின்னால் நிற்கும். முன்பக்கங்களில் உள்ள குறியீட்டு விளக்கத்தைப் படித்த பின்னரே சொல்லைத் தேடுதல் வேண்டும்.