சட்டமும் சாமானியரும் – 14: குலுக்கல் எப்போது சூதாகிறது?

சென்ற வாரம் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்தோம். இந்த வாரம் குலுக்கல்.

பிஸ்கட், டீத்தூள், சோப்புப் பாக்கெட்டுகளில் ‘வாங்குங்கள், கார் வெல்லுங்கள்’ என்ற விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனையைப் பார்த்திருப்பீர்கள்: தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு இது பொருந்தாது. பக்கத்து மாநிலத்துக்காரருக்கு விழுகிற கார் நமக்கு மட்டும் ஏன் விழாது?

அதற்குமுன் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். பரிசு இருக்க வேண்டும். அது யாருக்கு என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்க வேண்டும். கலந்துகொள்ளக் காசு கொடுத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் லாட்டரி. 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டமும் ‘சீட்டு வாங்கிப் பங்கேற்போருக்கு’ அதிர்ஷ்டத்தின்படி பரிசு தரும் திட்டம் என்றுதான் லாட்டரியை வரையறுக்கிறது. மூன்றாவதான காசை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இலவசக் குலுக்கல். சீட்டை எப்படிக் குலுக்கினார்கள் என்பதல்ல, பெட்டிக்குள் சீட்டுப் போட என்ன கொடுத்தீர்கள் என்பதே கேள்வி.

பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இதை நுணுக்கமாகப் பிரித்துவைத்திருக்கிறது. சாதாரணத் தபால் செலவு கட்டணமாகாது. வழக்கமான விலைக்குப் பொருள் வாங்கினால் அதுவும் ஆகாது. குலுக்கலுக்காகவே விலையை ஏற்றி விற்றால் ஆகும். பரிசு விழுந்ததா என்று தெரிந்துகொள்ளவோ, விழுந்த பரிசைக் கையில் வாங்கவோ காசு கேட்டாலும் அது கட்டணம்தான்.

நம் ஊர்ச் சட்டம் இன்னும் கறார். 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், கடையில் பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் நடத்திப் பரிசு கொடுப்பதையே தடுக்கிறது. வழக்கமான விலையா, ஏற்றிய விலையா என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. லண்டனில் செல்லும் திட்டம் மதுரையில் செல்லாமல் போவது இதனால்தான். வம்பு எதற்கு என்று கம்பெனிகளும் ஒரே வரியில் நம்மை ஒதுக்கிவிடுகின்றன. 1968-இல் அரசே தொடங்கிய லாட்டரியும் 2003-இல் இங்கு மூடப்பட்டுவிட்டது.

காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. 2007-இல் ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியோடு நேயர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் 2 லட்சம் ரூபாய். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு எஸ்.எம்.எஸ். 2 ரூபாய் 40 காசு. பரிசுப் பணமே இந்த எஸ்.எம்.எஸ். வசூலிலிருந்துதான் வருகிறது என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அதை ஏற்று, ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் சேர்த்து 1 கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பரிசுப் பணம் எஸ்.எம்.எஸ். வருமானத்திலிருந்து நேராகப் போனதற்குச் சான்று இல்லை என்றது.

‘கேள்வி கேட்டோமே, அது திறமைப் போட்டிதானே?’ என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். 1957-இல் சமர்பாக்வாலா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது: வெற்றிக்குத் திறமை கணிசமான அளவு தேவைப்பட வேண்டும். இந்தியாவின் தலைநகர் எது என்று கேட்டுவிட்டுச் சரியான விடைகளைக் குலுக்கினால் அதில் திறமைக்கு வேலையில்லை.

உண்மையிலேயே இலவசமான குலுக்கலில் நடத்துகிறவருக்கு என்ன லாபம்? உங்கள் பெயரும் செல்போன் எண்ணும். ஜவுளிக்கடை கூப்பனில் பிறந்த நாளும் திருமண நாளும் கேட்பது பரிசு கொடுக்க அல்ல, அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு உங்களைக் கூப்பிட. இலவசப் பரிசுத் திட்டம் முடிந்த பிறகு முடிவைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே கூப்பன் எழுதிப் போட்டவர் ‘பரிசு யாருக்கு விழுந்தது?’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

கடைசியாக வரி. 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் உண்டு. பணமென்றால் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். காரோ பைக்கோ என்றால், வரி கட்டியாகிவிட்டது என்பதை உறுதி செய்துகொண்டே கொடுக்க வேண்டும். அந்த வரி உங்கள் பான் எண்ணில், அரசுக் கணக்கில் சேரும். முகம் தெரியாதவரின் கூகுள் பே எண்ணில் அல்ல. ‘25 லட்சம் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்று வாட்ஸப்பில் வருகிறவர்கள் இந்த வரி விதியைத்தான் தூண்டிலாக்குகிறார்கள்.

நீங்கள் சீட்டே போடாத குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழாது. விழுந்ததாகச் சொல்லிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

(அடுத்த வாரம்: ஆன்லைன் ரம்மி)