ஏரிக்கரைக் கல்லூரி சொல்லும் பாடம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் ஆனைமலை போன்ற சிற்றூர்களில், பல வீடுகளுக்குள் மகிழ்ச்சியும் கவலையும் கைகோத்துக்கொண்டே நுழைகின்றன. மகள் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டாள். இனி அவளை எங்கே சேர்ப்பது? ஒரே பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பும் தொலைவில், பொள்ளாச்சியில் இருபாலரும் பயிலும் கல்லூரிகள் இருக்கின்றன. மகளிர் கல்லூரிதான் வேண்டும் என்றால் உடுமலைப்பேட்டையில் விசாலாட்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. கோவைக்குச் சென்றால் இன்னும் சில இருக்கின்றன.

"பெண்கள் மட்டும் படிக்கும் இடமாக இருந்தால் அனுப்புகிறேன்" என்கிறார் அத்தா. "அவள் விரும்பும் பாடம் எங்கே இருக்கிறதோ அங்கே சேர்த்து விடுங்கள்" என்கிறார் அம்மா. மூலையில் அமர்ந்திருக்கும் நன்னிமா மெல்லச் சொல்கிறார்: "என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எங்கே வேண்டுமானாலும் சேருங்கள். இவளை நிறுத்தி மட்டும் விடாதீர்கள்."

மகளிர் கல்லூரியா, இருபாலர் கல்லூரியா? நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் இந்தக் கேள்வி, 2004ஆம் ஆண்டில் கடல் கடந்த ஒரு சிற்றூரில் வேறொரு வடிவத்தில் எழுந்தது. அங்கே அதைக் கேட்டது ஒரு குடும்பமன்று. ஒரு கல்லூரியே தன்னை நோக்கிக் கேட்டுக்கொண்டது. அதன் வரலாறு நம் பெற்றோர்களும் கல்வி நிறுவனம் நடத்துவோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அஞ்சல் வண்டி அதிபரின் ஆசை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் கயூகா என்னும் நீண்ட ஏரி இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் அரோரா என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்தைக் கூட எட்டாது. நம் ஆனைமலையின் ஒரு பகுதிக்குள் அந்த ஊர் முழுவதையும் குடியமர்த்திவிடலாம்!

அந்த ஊரில் வாழ்ந்த செல்வந்தர் ஹென்றி வெல்ஸ். 1805இல் பிறந்தவர், இளமையில் தோல் பதனிடும் தொழிலும் காலணி தைக்கும் தொழிலும் பழகியவர், திக்குவாயால் துன்புற்றவர். அத்தகைய எளிய தொடக்கத்திலிருந்து உயர்ந்து, 1850இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தையும், 1852இல் வில்லியம் ஃபார்கோவுடன் சேர்ந்து வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தையும் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். கலிபோர்னியாவில் தங்கம் தேடி மக்கள் குவிந்த காலம் அது. தங்கத்தையும் கடிதங்களையும் குதிரை வண்டிகளில் கொண்டு சேர்த்தே அந்த நிறுவனம் வளர்ந்தது.

ஈட்டிய செல்வத்தில் பெண்களுக்கென ஒரு கல்விக்கூடம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1868ஆம் ஆண்டில் அது நிறைவேறியது. பெண்கள் வாக்களிக்கக் கூட உரிமை பெறாத நாட்டில், அவர்கள் உயர்கல்வி பெறுவதற்கென்றே ஏரிக்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. 1870இல் அது வெல்ஸ் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது.

இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். அதே ஏரியின் தென்கோடியில் உள்ள இத்தாக்கா நகரில், வெல்ஸின் நண்பர் எஸ்ரா கார்னெல் நிறுவிய பல்கலைக்கழகமும் அதே 1868இல்தான் வகுப்புகளைத் தொடங்கியது. 1870களின் தொடக்கத்திலேயே அது பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரே ஏரியின் கரையில், ஒரே ஆண்டில், பெண்கல்விக்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, பெண்களுக்கெனத் தனிவீடு; மற்றொன்று, பொதுவீட்டில் பெண்களுக்கும் இடம்.

புகழோடு வாழ்ந்த காலம்

வெல்ஸ் கல்லூரி ஒருபோதும் பெரிய நிறுவனமாக வளரவில்லை. சில நூறு மாணவியர், அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர்கள், அமைதியான ஏரிக்கரை. இதுவே அதன் பெருமை. 1888இல் முதன்மைக் கட்டடம் தீக்கிரையானது, கல்லூரி கலங்கவில்லை. 1890இல் புதிய கட்டடம் எழுந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்டை 1886இல் தமது 21ஆம் வயதில் மணந்த பிரான்செஸ் ஃபோல்சம், 1885இல் இக்கல்லூரியில் பட்டம் பெற்றவர். பின்னாளில் அவர் இதன் அறங்காவலராகவும் பணியாற்றினார்.

பட்டமளிப்பு நாளில் மாணவியர் பழைய வெல்ஸ் ஃபார்கோ குதிரை வண்டியில் ஏறி ஊர்வலம் வருவது இக்கல்லூரியின் மரபாக இருந்தது. நிறுவனரின் தொழிலும் அவருடைய அறமும் ஒரே வண்டியில் பயணம் செய்வது போன்ற காட்சி அது!

காற்று திசை மாறியது

1969ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதுவரை இளநிலைப் படிப்பில் ஆண்களை மட்டும் சேர்த்து வந்த யேல், பிரின்ஸ்டன் ஆகிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் அவ்வாண்டு பெண்களுக்குக் கதவைத் திறந்தன. அதே ஆண்டில் வஸ்ஸார் என்னும் பெயர்பெற்ற மகளிர் கல்லூரி ஆண்களைச் சேர்த்துக்கொண்டது.

இதன் விளைவு என்ன? முன்பு திறமை மிக்க ஒரு பெண்ணுக்கு மகளிர் கல்லூரியே சிறந்த வாசலாக இருந்தது. இப்போது நூறு வாசல்கள் திறந்துவிட்டன. 1960களில் 200க்கும் மேற்பட்ட மகளிர் கல்லூரிகள் இருந்த நாட்டில், இன்று சுமார் 30 மட்டுமே எஞ்சியுள்ளன. சில மூடப்பட்டன, சில அண்டைக் கல்லூரிகளோடு இணைந்தன, பல இருபாலர் கல்லூரிகளாக மாறின.

வெல்ஸ் கல்லூரி நெடுங்காலம் உறுதியாக நின்றது. ஆனால் மாணவியர் எண்ணிக்கை குறைந்தது. 1999இல் கல்விக் கட்டணத்தைச் சுமார் 30 சதவீதம் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் எண்ணிக்கை போதுமான அளவு உயரவில்லை. கடைசியாக 2004 அக்டோபரில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது: அடுத்த ஆண்டு முதல் ஆண்களும் சேரலாம்!

அப்போது கல்லூரியின் தலைவராக இருந்தவர் லிசா மார்ஷ் ரயர்சன். அவரும் இதே கல்லூரியின் முன்னாள் மாணவி என்பது குறிப்பிடத்தக்கது. தாம் வளர்ந்த வீட்டின் வழக்கத்தைத் தாமே மாற்ற வேண்டிய நிலை அவருக்கு! மாணவியர் கொதித்தெழுந்தனர், உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். "பெண்கள் கல்லூரி என்று நம்பித்தானே சேர்ந்தோம்!" என்பது அவர்களுடைய முறையீடு. நீதிமன்றம் வரை சென்றும் முடிவு மாறவில்லை. 2005இல் ஆண் மாணவர்கள் வந்து சேர்ந்தனர்.

தொடக்கத்தில் மாற்றம் பலனளிப்பதாகவே தோன்றியது. எண்ணிக்கை கூடியது. ஆனால் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. கல்லூரி வயதுப் பிள்ளைகளின் தொகை அப்பகுதியில் குறைந்து வந்தது. பெருந்தொற்றுக் காலமும் அதைத் தொடர்ந்த விலையேற்றமும் சிறிய கல்லூரியின் முதுகெலும்பை முறித்தன. 2024 ஏப்ரல் இறுதியில், அப்பருவத்தோடு கல்லூரி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இடையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சில வாரங்களுக்குள் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று. 156 ஆண்டுகள் எரிந்த விளக்கு அணைந்தது.

ஆண்கள் வந்ததாலா?

இந்த வரலாற்றைக் கேட்டதும், "பார்த்தீர்களா? ஆண்களைச் சேர்த்ததால்தான் அழிந்தது!" என்று சிலர் கூறலாம். அவசரப்பட்டு அப்படித் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 1969இலேயே ஆண்களைச் சேர்த்துக்கொண்ட வஸ்ஸார் இன்றும் புகழோடு விளங்குகிறது.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் ஓக்லாண்டு நகரில் மில்ஸ் என்றொரு மகளிர் கல்லூரி இருந்தது. 1990 மே மாதத்தில் அதன் அறங்காவலர்களும் ஆண்களைச் சேர்க்க முடிவு செய்தனர். மாணவியர் ஏறத்தாழ இரண்டு வாரம் கல்லூரியையே முடக்கிப் போராடினர். முன்னாள் மாணவியர் நிதி திரட்டித் தருவதாக வாக்களித்தனர். முடிவு திரும்பப் பெறப்பட்டது, நாடே வியந்தது. ஆயினும் 2022இல் அக்கல்லூரி நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, இளநிலை வகுப்புகளில் ஆண்களும் சேரும் இடமாயிற்று.

கதவைத் திறந்த வெல்ஸ் மறைந்தது. கதவைக் காத்த மில்ஸ் தன் தனித்தன்மையை இழந்தது. கதவைத் திறந்த வஸ்ஸார் வாழ்கிறது. கதவைத் திறக்காத வெல்ஸ்லி, ஸ்மித் போன்ற மகளிர் கல்லூரிகளும் வாழ்கின்றன. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு கல்லூரியைக் காப்பதும் கைவிடுவதும் வாசலில் யார் நுழைகிறார்கள் என்பது மட்டுமன்று. அதற்கு வலுவான நிதி அடித்தளம் வேண்டும். தேடி வரத்தக்க கல்வித்தரம் வேண்டும். அதைத் தம் சொத்தாகக் கருதும் மக்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். வஸ்ஸாருக்கும் வெல்ஸ்லிக்கும் இவை இருந்தன. ஏரிக்கரைக் கல்லூரிக்குப் பாசம் இருந்தது. நிதியும் எண்ணிக்கையும் போதவில்லை.

நம் மண்ணில்...

தமிழகத்தின் கதை வேறு. இங்கே மகளிர் கல்லூரிகள் பல ஊர்களில் உயிர்ப்போடு இருக்கின்றன. கோவையில் 1948இல் நிர்மலா கல்லூரியும், 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும், 1963இல் கிருஷ்ணம்மாள் கல்லூரியும் தோன்றின. அவினாசிலிங்கம் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. நம் சமுதாயத்தின் பங்கும் குறைந்ததன்று. நீதியரசர் பஷீர் அகமது சயீது அவர்களின் முயற்சியால் 1955இல் சென்னையில் எழுந்த மகளிர் கல்லூரியும், 1988இல் கீழக்கரையில் தொடங்கப்பெற்ற தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் அதற்குச் சான்று பகர்கின்றன.

இவற்றின் அருமை எங்கே இருக்கிறது? மகளிர் கல்லூரி இல்லையென்றால் மகளைப் படிக்கவே அனுப்பியிருக்க மாட்டார்கள் என்ற குடும்பங்களில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பெண்ணுக்கு மகளிர் கல்லூரி பல வழிகளுள் ஒன்றாகிவிட்டது. நம் சிற்றூர்ப் பெண்கள் பலருக்கோ அதுவே இன்னும் முதல் வழி. ஒரு தலைமுறையில் அவள் பட்டம் பெற்றுவிட்டால், அவளுடைய மகள் எந்தக் கல்லூரி வாசலையும் தயங்காமல் மிதிப்பாள். ஆகவே மகளிர் கல்லூரியும் இருபாலர் கல்லூரியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று மற்றொன்றுக்குப் படிக்கட்டாக அமைகிறது.

படிக்கட்டைப் பேண வேண்டாமா? 2003இல் சென்னை ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது, மாணவியர் போராடி 1914இல் தோன்றிய அந்தக் கல்லூரியைக் காப்பாற்றினர். போராட்டம் ஆபத்து வேளைக்கு உதவும். அன்றாடம் உதவுவது வேறு: முன்னாள் மாணவியர் தம் கல்லூரியை மறவாதிருப்பது, வசதி படைத்தோர் ஏழை மாணவியின் கட்டணத்தை ஏற்பது, நிர்வாகிகள் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் காலத்துக்கேற்ப வளர்ப்பது. "பெண்கள் கல்லூரி" என்ற பெயர்ப்பலகை மட்டுமே பிள்ளைகளை என்றென்றும் அழைத்து வரும் என்று எண்ணியிருந்தால், ஏரிக்கரையில் நேர்ந்தது இங்கும் நேரலாம்.

பெற்றோர்களே, சிந்தியுங்கள்!

மீண்டும் அந்த ஆனைமலை வீட்டுக்கு வருவோம். அத்தாவின் அச்சத்தில் அன்பு இருக்கிறது. அதை ஏளனம் செய்யலாகாது. அம்மாவின் பேச்சில் அறிவு இருக்கிறது; அதைப் புறக்கணிக்கலாகாது. மகள் விரும்பும் பாடம் மகளிர் கல்லூரியிலேயே நல்ல முறையில் கற்பிக்கப்படுமானால் மகிழ்ச்சியோடு சேருங்கள். அங்கே அந்தப் பாடம் இல்லை. இருபாலர் கல்லூரியில்தான் இருக்கிறது என்றால், நேரில் சென்று பாருங்கள். ஆசிரியைகள் எத்தனை பேர்? மாணவியருக்கு ஓய்வறை உண்டா? மாலையில் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது? கடைசிப் பேருந்து எப்போது? சென்ற ஆண்டு அங்கே படித்த நம் ஊர்ப் பெண் என்ன சொல்கிறாள்? இவற்றுக்கு விடை கிடைத்தால் பாதி அச்சம் தானே அகலும். மீதியை மகளிடமே மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வாசல்களுள் எது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து வேறுபடலாம். அதில் தவறில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு வாசலும் இருக்கிறது. அது, "சரியான கல்லூரி கிடைக்கவில்லை" என்று காரணம் கூறி அடைக்கப்படும் வீட்டு வாசல். ஹென்றி வெல்ஸ் ஏரிக்கரையில் கட்டடம் எழுப்பியதும், நம் முன்னோர் சென்னையிலும் கீழக்கரையிலும் கோவையிலும் கல்லூரிகள் கண்டதும் அந்த வாசலைத் திறப்பதற்காகத்தான்.

கல்லூரி எது என்பது இரண்டாவது கேள்வி. மகள் படிப்பைத் தொடர்கிறாளா என்பதே முதற்கேள்வி. மூலையில் அமர்ந்திருந்த நன்னிமா கேட்டதும் அதைத்தான்.