காதை மூடாத ஹெட்செட்டுக்கு 15,000 ரூபாய்: ஆபீஸ் காலுக்கு இது தேவையா?

வொர்க் ஃப்ரம் ஹோம் செலவுகள் பத்தி நம்ம சேனல்ல பேசினதுக்கு அப்புறம், திண்டிவனத்துல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "அண்ணா, காலையில ஒன்பதரைக்கு இயர்பட்ஸைக் காதுல சொருகினா சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கழட்டுறேன். காது அரிக்குது. அம்மா கூப்பிட்டா கேட்கலை. சிலிண்டர்காரர் பெல் அடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டார். எலும்பு வழியா கேட்கிற ஹெட்செட் வாங்கலாமா? 15,000 சொல்றாங்க. என் சம்பளம் 28,000."

சம்பளத்துல பாதிக்கு மேல போகுது. அதனால ஒரு வரியில பதில் சொல்லி விடமுடியலை, கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

முதல்ல அந்தப் பொருள் என்னன்னு பார்த்துடலாம். கடையில இதுக்குப் பேரு 'போன் கண்டக்‌ஷன்'. இந்த 'போன்' நம்ம கையில இருக்கிற போன் இல்லை, எலும்பு. சாதாரண இயர்போன் காத்தை அதிர வைக்கும், அது செவிப்பறையைத் தட்டும், அங்கிருந்து உள்காதுக்குப் போகும். இது காதுக்கு முன்னாடி, கன்னத்து எலும்பு மேல உட்கார்ந்து அந்த எலும்பையே லேசா அதிர வைக்குது. அதிர்வு செவிப்பறையைச் சுத்திக்கிட்டு நேரா உள்காதுக்குப் போயிடும். காது ஓட்டை திறந்தே இருக்கும். அம்மா குரல், குக்கர் விசில், காலிங் பெல் எல்லாம் கேட்கும். காது டாக்டருங்க சோதனை பண்றப்போ அதிரும் கவையைக் காதுக்குப் பின்னாடி எலும்புல வைப்பாங்களே, அதே சங்கதிதான்.

இங்கதான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஒரு ஆன்லைன் ஆஃபர்ல, அட்டையில பெருசா 'போன் கண்டக்‌ஷன்'னு போட்டிருந்த ஒண்ணை 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். பார்க்க அப்படியேதான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது, அது காதுக்குப் பக்கத்துல தொங்குற குட்டி ஸ்பீக்கர், அவ்வளவுதான். காத்து வழியாத்தான் சத்தம் வருது. இதைக் கண்டுபிடிக்க காசில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. பாட்டு ஓடுறப்போ ரெண்டு காதையும் விரலால அடைச்சுப் பாருங்க. நிஜமாவே எலும்பு வழின்னா சத்தம் குறையாது, இன்னும் கனமா, அதிகமா கேட்கும். போலின்னா சட்டுனு அமுங்கிடும். பார்சல் வந்த அன்னைக்கே இதைப் பண்ணிடுங்க, ரிட்டர்ன் நாள் முடியுறதுக்குள்ள. அட்டையில ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு இருந்து கடைக்காரர் திருப்பி வாங்க மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

காத்து வழி ஓப்பன் இயர் எல்லாமே மோசம்னு சொல்லலை. இந்தத் துறையில பெரிய பேரான ஷாக்ஸ் கம்பெனியே ரெண்டும் விக்குது. அவங்க ஓப்பன்ஃபிட் காத்து வழி, ஓப்பன்காம் எலும்பு வழி. எதை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஆபீஸ் கால்ல உங்க காதுக்கு என்ன கேட்குதுங்கிறது பாதிதான். எதிர்ல இருக்கிற மேனேஜருக்கும் கிளையண்ட்டுக்கும் உங்க குரல் எப்படிப் போகுதுங்கிறதுதான் மீதி, சொல்லப்போனா பெரிய பாதி. ஒவ்வொரு மீட்டிங்லயும் "உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது, ஃபேன் சத்தம் வருது"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, நீங்க சொல்ற நல்ல பாயிண்ட் கூட யார் மனசுலயும் நிக்காது. எலும்பு வழி ஹெட்செட்ல ஓடுறவங்க, ஜிம் போறவங்களுக்காக வர்ற மாடல்கள்ல மைக் காதுப் பக்கத்துலயே இருக்கும். ஆபீஸுக்குன்னு வர்ற மாடல்ல மட்டும்தான் வாய் வரைக்கும் நீள்ற கம்பி மைக் இருக்கு.

இந்தக் கம்பிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? தூரம் பாதியானா உங்க குரல் மைக்ல சுமார் 6 டெசிபல் கூடும். காதோரம் இருக்கிற மைக் வாய்ல இருந்து ஒரு 12 சென்டிமீட்டர்னு வைங்க, கம்பி மைக் 3 சென்டிமீட்டர். ரெண்டு தடவை பாதி ஆகுது, சுமார் 12 டெசிபல் லாபம். மேல சுத்துற ஃபேன், பக்கத்து ரூம் மிக்ஸி எல்லாம் அதே தூரத்துலதான் இருக்கு, அதோட சத்தம் கூடலை. எந்த நாய்ஸ் கேன்சலிங் சாஃப்ட்வேரும் இல்லாமலே கிடைக்கிற லாபம் இது. அதனால என் கருத்து: கம்பி மைக் இல்லாத எலும்பு வழி ஹெட்செட்டை ஆபீஸ் காலுக்குன்னு வாங்காதீங்க. ஓடப் போறீங்கன்னா தாராளமா வாங்குங்க.

ஆபீஸ் மாடலுக்கு உதாரணமா ஷாக்ஸ் ஓப்பன்காம் 2 எடுத்துக்கலாம். கம்பி மைக் உண்டு, எடை 35 கிராம்தான், ஒரு சார்ஜுக்கு 16 மணி நேரம் பேசலாம்னு கம்பெனி சொல்லுது. யுஎஸ்பி டாங்கிளோட வர்ற வகையும் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க: உங்க ஐடி டீம்கிட்ட கேளுங்க. சில கம்பெனி லேப்டாப்ல ப்ளூடூத்தை அடைச்சு வச்சிருப்பாங்க, சிலதுல வெளி யுஎஸ்பி எதையும் விடமாட்டாங்க. 15,000 கொடுத்து வாங்கி வந்து லேப்டாப் ஏத்துக்கலைன்னா, அப்புறம் அதுல பாட்டுதான் கேட்கணும். பாட்டுக்கும் இது சுமார்தான், பேஸ் எடுபடாது, சத்தம் கூட்டினா கன்னத்துல குறுகுறுன்னு அதிரும்.

எங்க உட்கார்ந்து வேலை பார்க்குறீங்கங்கிறது அடுத்தது. காது திறந்திருக்குன்னா அம்மா குரல் மட்டுமா உள்ள வரும்? விழுப்புரத்துல கிழக்கு பாண்டி ரோட்டைப் பார்த்த ஜன்னல் உள்ள ரூம்னா பஸ் ஹாரன் மொத்தமும் உங்க மீட்டிங்ல சேர்ந்துக்கும். ஆடி மாசம் தெருவுல குழாய் ஸ்பீக்கர் கட்டினா கேட்கவே வேண்டாம். விழுப்புரத்துல ஏறி தாம்பரம் வரைக்கும் ரயில்ல போற ஆளுக்கு இது சுத்தமா ஆகாது, இரைச்சலைத் தாண்டிக் கேட்க வால்யூமை ஏத்திக்கிட்டே போவீங்க. 2024 பிப்ரவரியில வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்துல மினி டைடல் பார்க் திறந்தாங்களே, அந்த மாதிரி இடத்துல வரிசையா உட்கார்ந்து எல்லாரும் கால் பேசுற ஆபீஸ்னாலும் பக்கத்து சீட்டுக்காரர் பேசுறது முழுக்கக் கேட்கும். வீட்டுல ஓரளவு அமைதியான ரூம், ஆனா குழந்தையோ வயசானவங்களோ கூப்பிட்டா கேட்கணும். அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்தப் பொருள்.

"செவிப்பறையைத் தொடலை, அதனால காது கெடாது"ன்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. அதை அப்படியே நம்பாதீங்க. சத்தத்தால கெடுறது உள்காது, எலும்பு வழியா வந்தாலும் சத்தம் அங்கதான் போகுது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். வேர்வை, புழுக்கம், அரிப்புக்கு மட்டும் திறந்த காது நிஜமாவே நல்லது. ஆனா அந்தத் தம்பி மாதிரி ஏற்கெனவே அரிப்பு, வலி இருந்தா முதல்ல காது டாக்டரைப் பாருங்க. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. ஹெட்செட் மருந்து இல்லை.

சரி, காசு. விலை மாடலுக்கு மாடல் மாறும், நாம தம்பி சொன்ன 15,000ஐயே வச்சுக்கலாம். உள்ள இருக்கிற பேட்டரியை நாம மாத்தமுடியாது, அதனால 3 வருஷம்னு ஆயுள் வைப்போம். தினமும் 4 மணி நேரம் கால், வருஷத்துக்கு 240 வேலை நாள்னா 3 வருஷத்துல 2,880 மணி நேரம். மணிக்கு 5 ரூபாய் 20 காசு. மோசம் இல்லை. அதே ஆள் தினமும் 40 நிமிஷம்தான் பேசுறார்னா மொத்தம் 480 மணி நேரம், மணிக்கு 31 ரூபாய். ஒரு வாரம் உங்க கேலண்டரைத் திறந்து நிஜமா எவ்வளவு நேரம் கால்ல இருக்கீங்கன்னு கூட்டிப் பாருங்க. நாள் பூரா மீட்டிங்னு புலம்புற நிறைய பேருக்கு ஒன்றரை மணி நேரம் தாண்டாது. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு.

அடுத்து நோ காஸ்ட் இஎம்ஐ. பேருலதான் காஸ்ட் இல்லை. வட்டிக்குச் சமமா தள்ளுபடி கொடுத்துட்டு, வட்டியை பேங்க் வாங்கிக்கும். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. 15,000 ரூபாயை 6 மாசத்துக்கு, பேங்க் வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு வச்சா, வட்டி சுமார் 635, அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 114. பிராசஸிங் ஃபீஸ் 199ன்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 350 ரூபாய் கிட்ட கூடுதல். பெரிய தொகை இல்லைதான். ஆனா ஒரே நேரத்துல கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடி இஎம்ஐல கிடைக்காமப் போகலாம், அதையும் சேர்த்துப் பாருங்க.

அதைவிட நல்ல கேள்வி ஒண்ணு இருக்கு: இதை ஏன் நீங்க வாங்கணும்? கம்பெனி வேலைக்குத்தானே? எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போடுறதுக்குக் காசு இல்லை. "தினமும் இத்தனை மணி நேரம் கிளையண்ட் கால், இயர்பட்ஸால காது பிரச்னை, மைக் உள்ள ஹெட்செட் வேணும்"னு நாலு வரி போதும். டாக்டர் சீட்டு இருந்தா சேர்த்து அனுப்புங்க. கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல பில் போட்டா, 15,000ல இருக்கிற 2,288 ரூபாய் வரியை பொதுவா அவங்க கிரெடிட்டா எடுத்துக்கலாம். அவங்களுக்கு உங்களைவிட மலிவா முடியும்.

கேட்டும் கிடைக்கலைன்னா? கம்பி மைக் வச்ச, காது மேல உட்கார்ற சாதாரண யுஎஸ்பி ஒயர் ஹெட்செட் ஒண்ணு போதும். ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குள்ள வந்துடும். காதுக்குள்ள எதுவும் போகாது, சார்ஜ் வேண்டாம், ப்ளூடூத் தகராறு இல்லை. அம்மா குரல் கேட்கணும்னா ஒரு பக்கம் மட்டும் ஸ்பீக்கர் உள்ள மாடல் கேளுங்க. கால் சென்டர்ல காலங்காலமா அதைத்தான் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

தம்பி ஒரு வாரம் கூட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம். எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கார், பதில் இன்னும் வரலை. அதுவரைக்கும் ஒரு பக்க ஒயர் ஹெட்செட் 1,100 ரூபாய்க்கு. சிலிண்டர் இந்தத் தடவை திரும்பிப் போகலையாம்.