உங்களுக்குத் தெரியுமா? ஈயக்குட்டையில் எழுந்த பூங்காக்கள்

மலாக்காவின் ரெம்பியாவிலிருந்து சிம்பாங் அம்பாட் டோல் வழியாக நெடுஞ்சாலை ஏறி வடக்கே போனால், பேராக்கில் தைப்பிங். அங்குள்ள ஏரிப் பூங்காவில் படகு விடும் பலருக்கும் தாம் மிதப்பது பழைய ஈயச் சுரங்கத்தின் மேல் என்பது தெரியாது. சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் தோண்டிக் கைவிட்ட குழிகளை மழை நிரப்பியது (தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊராயிற்றே!). 1880-இல் அந்த நிலம் பொதுப்பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. மலேசியாவின் முதல் பொதுப்பூங்கா இதுதான். சாலையைத் தாண்டி ஏரிக்குள் கிளை சாய்த்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் இந்த மண்ணுக்கு உரியவையே அல்ல. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை.

இதைவிட வியப்பானது கோலாலம்பூர் அருகேயுள்ள கெப்போங். ஈயம் எடுத்தபின் எஞ்சுவது கழுவிய மணல். அதில் சத்தும் இல்லை, நிழலும் இல்லை. 1920-களில் அப்படிப்பட்ட சுரங்க நிலத்தையே வன ஆராய்ச்சி நிலையத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கையால் நட்ட மரங்கள் இன்று முழுக்காடு. அங்குள்ள ‘கப்பூர்’ மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு வளர்கின்றன. அண்ணாந்து பார்த்தால் வானம் வெடித்த களிமண் போலத் தெரியும். நம் பெரியவர்கள் கோயிலுக்கு வாங்கிய பச்சைக் கற்பூரம் முற்காலத்தில் இந்த மர இனத்திலிருந்து கிடைத்ததுதான். 2025-இல் இந்த வனப்பூங்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஓர் எச்சரிக்கை: வேலியில்லாத பழைய ஈயக்குட்டைகளின் கரை சட்டென ஆழமாகும். பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள்.