கைக்குழந்தைகளின் அரைப்புண்

கைக்குழந்தைகளின் அரையிலும் பிட்டத்திலும் தோல் சிவந்து, உரிந்து, புண்ணாவது சாதாரணமாய்க் காணப்படும் உபத்திரவமாகும். இதை உடற்சூடு என்றெண்ணி வாளாவிருப்பாரும் உளர். உண்மையான காரணம் ஈரமே. நனைந்த துணியில் தோல் ஊறி மெலிகிறது. சிறுநீரும் மலமும் கலக்கும்போது காரத்தன்மை மிகுந்து, மலத்திலுள்ள ஜீரண ரசங்கள் அத்தோலை அரிக்கின்றன. துணி உராய்வதால் புண் பெருகும். வயிற்றுப்போக்குக் காலத்தில் இது விரைவில் கடுமையாகும்.

ஆகவே, ஈரத்தை நீக்குதலே முதற் சிகிச்சை. துணி நனைந்தவுடன் மாற்றுதல் வேண்டும். புண்ணை வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, தினமும் பலமுறை சிறிது நேரம் காற்றாட விடுதல் நலம். பின்னர் துத்தநாகக் களிம்பையோ வாசலைனையோ கனமாகப் பூசினால், ஈரம் தோலில் படாது. அடுத்த முறை அதைச் சுரண்ட வேண்டுவதில்லை; அழுக்கை மட்டும் நீக்கி, மேலே பூசினால் போதும். துணிகளைச் சவுக்காரம் தங்காதபடி அலசி வெயிலில் உலர்த்துக. பவுடர் தூவலாகாது, அது குழந்தையின் மூச்சில் புகுந்து நுரையீரலுக்குக் கேடு செய்யும். போரிக் பவுடரோ புண்வழியே உட்சென்று நஞ்சாகும்.

ஈரத்தால் வரும் புண் பெரும்பாலும் தொடை மடிப்புகளின் உட்புறத்தைத் தொடாது. மடிப்புகளும் செக்கச் சிவந்து, ஓரங்களில் சிறு பருக்கள் தோன்றினால், அது காளான் கிருமியின் அடையாளம். அதற்கு மருத்துவர் தரும் தனி மருந்து வேண்டும். கடையிற் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் சிலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருப்பதால், அவை இளந்தோலை மேலும் நலியச் செய்யும். மூன்று நாட்களில் குணம் காணாவிடினும் மருத்துவரிடம் காட்டுக. சீழ், கொப்புளம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் பெற்றோர் கடமை.